மேட்டுப்பாளையம் - குன்னூர் - ஊட்டி சைக்கிளில்: என் பழைய பதிவுக்கு ஒரு திருத்தம்

குன்னூர் மலைச்சாலையைப் பற்றி இந்த வலைப்பதிவில் ஏற்கெனவே ஒரு கட்டுரை இருக்கிறது. ஒன்றரை வருடத்துக்கு முன் எழுதியது. சைக்கிளில் ஊட்டிக்கு ஏறத் திட்டமிடுகிறவர்கள் இன்றும் தேடி வந்து படிப்பது அதைத்தான். அதில் ஒரு பொய் இருக்கிறது. அந்தப் பொய் யாரைப் பற்றியதோ அவரிடமே நேரில் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து, போன செப்டம்பர் கடைசி வாரத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை, கோவை துடியலூரிலிருந்து ஊட்டிக்குச் சைக்கிளில் போனேன். பஸ்ஸில் போயிருக்கலாம். காலையில் ஏறினால் பத்து மணிக்கெல்லாம் அவர் வீட்டு வாசலில் நின்றிருப்பேன். அவ்வளவு சீக்கிரம் போய் நிற்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் பெயர் ஆல்பர்ட். பள்ளியில் கணக்கு வாத்தியார், என்னைவிட ஐந்து வயது மூத்தவர். அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். துடியலூரில் எங்களுக்கு அடுத்த தெருவில் குடியிருந்தார். ஞாயிற்றுக்கிழமை அவருக்கு ஆலயம், எனவே எங்கள் கணக்கு சனிக்கிழமை. ஒன்பது வருடம், மழைக்காலம் நீங்கலாக, கிட்டத்தட்ட எல்லாச் சனிக்கிழமையும் சேர்ந்து ஓட்டினோம். அவர் முன்னால், நான் பின்னால்.

இருவராகச் சாலையில் ஓட்டுகிறவர்களுக்கு ஒரு வழக்கம் உண்டு. முன்னால் போகிறவர் பின்னால் திரும்பிப் பார்க்க மாட்டார். குழி, மணல், கண்ணாடித்துண்டு, இதையெல்லாம் பார்த்துச் சொல்வது அவர் வேலை. பின்னால் வருகிற வாகனங்களைப் பார்த்துச் சொல்வது பின்னவர் வேலை. கார் வந்தால் "வண்டி!" என்று ஒரு குரல். பெரிதாக இருந்தால் "பஸ்சு!" வரிசையாக வந்தால் "மூணு", "நாலு" என்று எண்ணிக்கை. குரல் வரவில்லை என்றால் சாலை காலி என்று அர்த்தம். முன்னவர் அந்த மௌனத்தை நம்பித்தான் குழியை ஒதுக்குவார், வளைவை எடுப்பார்.

விபத்து நடந்த அன்றைக்குப் பர்லியாறு தாண்டி ஒரு கொண்டை ஊசி வளைவு. (எத்தனையாவது என்று சொல்லப் போவதில்லை. பழைய பதிவில் சொன்னதற்கு அங்கே போய் நின்று செல்ஃபி எடுத்து அனுப்பினீர்கள்.) இடப்பக்கம் திரும்பும் வளைவில் உள்விளிம்பு செங்குத்தாக இருக்கும். ஏறுகிற சைக்கிள்காரர் கொஞ்சம் வெளியே எடுத்துத்தான் திரும்ப முடியும். ஆல்பர்ட் அண்ணன் மூன்று அடி வலப்பக்கம் வந்தார். பின்னாலிருந்து வந்த சுற்றுலா வேன் அவர் ஹேண்டில்பாரில் பட்டது. தொடை எலும்பு முறிந்து, உள்ளே தகடு வைத்தார்கள். வேன் வருவதை நான் சொல்லவில்லை. ஹாரன் கேட்டது. மேல் வளைவில் இறங்கி வரும் வண்டி என்று நினைத்துவிட்டேன். ஏனென்றால் என் இடது காதில் இயர்போன் இருந்தது. கிரிக்கெட் வர்ணனை, கடைசி நாலு ஓவர். சத்தம் எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று ஒரு காதால் கண்டுபிடிக்க முடியாது.

இயர்போனைப் பற்றி யாரிடமும் சொல்லவில்லை. அவரை ஆஸ்பத்திரியில் சேர்த்த மூன்றாம் நாளே பதிவு எழுதினேன். "நண்பர் பின்னால் பார்க்காமல் வலப்பக்கம் விலகிவிட்டார். பாதை மாற்றும் முன் திரும்பிப் பாருங்கள்" என்று அறிவுரை வேறு. கீழே பின்னூட்டங்கள் குவிந்தன. "உங்க ஃப்ரெண்டுக்கு ரோடு சென்ஸே இல்லையே" என்று ஒருவர் எழுதியதற்கு, "என்ன செய்வது, பாவம்" என்று கைகூப்பும் படம் போட்டுப் பதில் சொல்லியிருக்கிறேன். அந்தப் பதில் இன்னும் அங்கே இருக்கிறது. அதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு என்மேலேயே அருவருப்பாக இருக்கும்.

கால் ஓரளவு தேறியதும் அவர் ஊட்டிக்கு மாறுதல் வாங்கிக்கொண்டு மனைவி ஸ்டெல்லா அக்காவின் பிறந்த வீட்டுக்கே குடிபோய்விட்டார். சில தடவை போன் செய்தார். நான் எடுக்கவில்லை. பிறகு அவரும் விட்டுவிட்டார். அதற்குப் பிறகு சனிக்கிழமைகளில் தனியாகத்தான் ஓட்டுகிறேன். வேறு குழுக்கள் கூப்பிட்டன, போகவில்லை. என்னைப் பின்னால் விட்டு இன்னொருவர் முன்னால் போக நான் விடத் தயாராக இல்லை.

சரி, பயணம். காலாண்டு விடுமுறையில் ஊட்டிச் சாலைக்குச் சைக்கிளில் போவது புத்திசாலித்தனம் அல்ல, அவ்வளவு கூட்டம். ஆனால் விடுமுறையில்தான் வாத்தியார் வீட்டில் இருப்பார். காலை 5.10க்குக் கிளம்பினேன். துடியலூரிலிருந்து மேட்டுப்பாளையம் 26 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். இருட்டில் கிளம்புகிறவர்கள் பின்னால் சிவப்பு விளக்கு இரண்டு போடுங்கள், ஒன்று சீட்டுக்கு அடியில், ஒன்று ஹெல்மெட்டில். ஒன்று அணைந்தாலும் மற்றது இருக்கும். காய்கறி லாரிகள் எதிரே சாரிசாரியாக வரும் நேரம் அது. ஹெட்லைட் கண்ணைக் கூசினால் இடது ஓரத்து வெள்ளைக் கோட்டைப் பார்த்தபடி ஓட்டுங்கள். 6.35க்கு மேட்டுப்பாளையம். இட்லி, வடை, காபி 75 ரூபாய். பிளாஸ்டிக் பாட்டில் இருந்தால் இங்கேயே விட்டுவிடுங்கள். மேலே சோதனைச் சாவடியில் பிடுங்கிவிடுவார்கள். மற்ற வண்டிகளுக்குக் கேட்கும் இ-பாஸ் சைக்கிளுக்குத் தேவையில்லை.

கல்லாறுக்கு 7.40. விடியும் முன் இதற்கு மேல் போகவே கூடாது, யானை நடமாட்டம் உள்ள இடம். இங்கிருந்துதான் ஏற்றம் ஆரம்பம். சின்ன கியரில் மணிக்கு எட்டு கிலோமீட்டர் வேகம் எனக்கு. அந்த வேகத்தில் தனியாக ஓட்டினால் சத்தம் என்று ஒன்றுமே இருக்காது, செயின் ஓசையும் உங்கள் மூச்சும் மட்டும்தான். புதிதாக வலப்பக்க ஹேண்டிலில் ஒரு கண்ணாடி மாட்டியிருந்தேன், 340 ரூபாய். அதில் ஏதாவது தெரிந்தால் பழக்க தோஷத்தில் வாய் "வண்டி!" என்று கத்திவிடும். முன்னால் யாரும் கிடையாது. முதல் இரண்டு தடவை வெட்கமாக இருந்தது. பிறகு கத்திக்கொண்டேதான் போனேன். ஒரு திருப்பத்தில் குரங்குகள் திரும்பிப் பார்த்தன, அவ்வளவுதான்.

9.05க்கு பர்லியாறு. டீ 15 ரூபாய், இரண்டு வாழைப்பழம் 20. டீக்கடையில் ஒரு பஸ் டிரைவர் நின்றிருந்தார். ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும். என் சைக்கிளைச் சுற்றி வந்து பார்த்தார்.

"ஏனுங், இதுலயேவா ஊட்டிக்குப் போறீங்க?"

"ஆமாங்க."

"ஒத்தையிலயா?"

"ஒத்தையிலதானுங்க."

"தொணைக்கு ஒரு ஆளு இருந்தா நல்லாருக்குமுங்க. பின்னால வர்றவன் கொரல் குடுப்பான்ல?"

இவருக்கு எப்படித் தெரியும் என்று ஒரு நிமிடம் திக்கென்றது. அப்புறம் நானே பேச்சை மாற்றி, வளைவில் ஹாரன் சத்தம் மேலேயா கீழேயா என்று எப்படிக் கண்டுபிடிக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"அது மலையில பட்டுத் திரும்புமுங்க. எங்களுக்கே சில நாளைக்குத் தட்டுக்கெட்டுப் போகும். ரெண்டு காதையும் தொறந்து வெச்சிருந்தா ஒரு குத்துமதிப்பாப் புடிபடும். நான் கல்லாத்துலயே பாட்டை நிறுத்திப்போடுவனுங்க. உள்ள சனம் சத்தம் போட்டாலும் சரி."

"ஒரு காதை அடைச்சிருந்தா?"

"அப்பறம் அந்தாளு எதுக்கு ரோட்டுக்கு வரோணும்? ஊட்லயே உக்காந்துக்கலாமுல்லீங்க?" என்று சிரித்தார். நானும் சிரித்துவைத்தேன். பாதி டீயை வைத்துவிட்டுச் சைக்கிளை எடுத்தேன்.

அந்த வளைவு வந்தது. நிற்க வேண்டாம் என்று நினைத்திருந்தேன், கால் தானாக நின்றுவிட்டது. தடுப்புச் சுவருக்குப் புதிதாகக் கறுப்பு மஞ்சள் அடித்திருந்தார்கள். வேறு எந்த அடையாளமும் இல்லை. சைக்கிளைச் சுவரில் சாய்த்துவிட்டு, அவரிடம் சொல்ல வேண்டியதைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். "அண்ணா, ஒண்ணு சொல்லணும்." அதற்கு மேல் வரவில்லை. பத்து நிமிடம் முயன்றும் வரவில்லை. எதிரே போன கார் ஒன்றிலிருந்து ஒரு குழந்தை கையாட்டியது. நானும் ஆட்டினேன். இந்தப் பதிவில் போட்டிருக்கும் படங்கள் எதிலும் ஆள் இல்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். எடுக்க ஆள் இருந்தால்தானே நிற்க ஆள் இருக்கும்.

12.15க்குக் குன்னூர். மேட்டுப்பாளையத்திலிருந்து 34 கிலோமீட்டர். தயிர்சாதம் 50 ரூபாய். பஸ் நிலையத்தை ஒட்டிய சாலையில் ஓட்டுவது மலையேறுவதைவிடக் கஷ்டம். ரயில்வே கேட் மூடினால் எல்லா வண்டியும் ஒன்றையொன்று முட்டிக்கொண்டு நிற்கும். இந்த மாதிரி இடங்களில் நம்மவர்கள் செய்யும் தவறு, ஓரத்துச் சாக்கடையை ஒட்டியே ஒடுங்கிப் போவது. ஒடுங்கினால் காரோட்டுகிறவர் இடம் இருக்கிறது என்று நினைத்து உரசிக்கொண்டு போவார், அல்லது நிற்கும் காரின் கதவு திறந்து முகத்தில் அடிக்கும். ஓரத்திலிருந்து நாலடி தள்ளி, தெரிகிற மாதிரி, நேராக ஓட்டுங்கள். ஹாரன் அடிப்பார்கள். அடிக்கட்டும். ஹாரன் அடிக்கிறவர் உங்களைப் பார்த்துவிட்டார் என்றுதான் அர்த்தம்.

அருவங்காடு, கேத்தி வழியாக ஊட்டி 19 கிலோமீட்டர். கேத்தியை நெருங்கும்போது பனி இறங்க ஆரம்பித்தது. இரண்டு பக்கமும் கேரட் தோட்டம் இருப்பது தெரியும், கண்ணுக்குத் தெரியவில்லை. மலை ரயில் பாதையில் குகைகள் இருக்கின்றன. அதற்குள் சைக்கிளோடு போய்ப் படம் எடுக்கலாமா என்று மாதம் ஒருவராவது கேட்கிறீர்கள். கூடாது. தண்டவாளத்தில் நடப்பதே தடை.

ஊட்டிக்குள் ரயில் பாலத்துக்கு அடியில் போகும் சாலைதான் இந்தப் பயணத்தில் உண்மையான சுரங்கம். முதல் நாள் மழையில் முக்கால் அடி தண்ணீர் தேங்கியிருந்தது. பாலத்துக்கு அடியிலோ சுரங்கப்பாதையிலோ நுழையும் முன் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றுங்கள், முன் விளக்கைப் போடுங்கள், உள்ளே போன பிறகு பாதை மாற்றாதீர்கள். தண்ணீருக்குள் சாக்கடை மூடி இருக்கிறதா, கம்பி இருக்கிறதா என்று தெரியாது. எனவே இறங்கித் தள்ளுங்கள். இவ்வளவும் தெரிந்த நான், ஓட்டிக்கொண்டே நுழைந்தேன். நடுவில் இருக்கும்போது பின்னால் ஒரு ஜீப் ஹாரன் அடித்தது. சுவர் முழுக்க எதிரொலித்து, எல்லாப் பக்கமிருந்தும் ஜீப் வருவது போல் இருந்தது. ஹேண்டில் கண்ணாடியில் வெறும் வெளிச்சம். யாராவது பின்னாலிருந்து ஒரே ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்களா என்று இருந்தது. அந்த இரண்டு நொடியில்தான், ஒன்பது வருடம் அந்த ஒரு வார்த்தையை நம்பி ஒருவர் என் முன்னால் எப்படி ஓட்டினார் என்பது எனக்கு உறைத்தது. இறங்கித் தள்ளிக்கொண்டே வெளியே வந்தேன். ஜீப்காரர் பொறுமையாகப் பின்னாலேயே வந்தார்.

அவர் வீட்டை அடைந்தபோது மணி 3.20. சாலையிலிருந்து வீட்டுக்கு இருபத்தெட்டுப் படி. கால் சரியில்லாதவருக்கு இருபத்தெட்டுப் படி. கீழேயிருந்து கூப்பிட்டேன். ஊன்றுகோலோடு வெளியே வந்து எட்டிப் பார்த்தார்.

"டேய் சிவா! சைக்கிள்லயா வந்தே? அடப்பாவி!"

படியிறங்க வேண்டாம் என்று நான் கத்தக் கத்த, கைப்பிடிச் சுவரைப் பிடித்தபடி இறங்கி வந்துவிட்டார். என்னைப் பார்த்ததைவிடச் சைக்கிளைப் பார்த்ததில்தான் அவருக்குச் சந்தோஷம். டயரை அழுத்திப் பார்த்து, "காத்து கம்மியா வெச்சு ஏத்தியிருக்கே, அதான் மூஞ்சி இப்படி இருக்குது" என்றார். நான் ஏன் போனை எடுக்கவில்லை என்று கேட்கவே இல்லை.

ஸ்டெல்லா அக்கா காபியும் வர்க்கி பிஸ்கட்டும் கொண்டுவந்து வைத்தார். அண்ணன் பேசிக்கொண்டே இருந்தார். பள்ளியில் சாலைப் பாதுகாப்பு வாரம் வந்தால் இவரைத்தான் மேடையில் நிறுத்துகிறார்களாம். "கோலை ஊனிட்டுப் போயி நிப்பேன். 'பின்னாடி பாக்காமத் திரும்புனவன் கதியைப் பாருங்க'ம்பேன். புள்ளைங்க கப்சிப்புனு கேக்கும்" என்று சிரித்தார். அக்கா சிரிக்கவில்லை.

அப்போது சொன்னேன். ஒத்திகை பார்த்த அந்த ஒரு வரிகூட வரவில்லை. காதில் இயர்போன் இருந்தது, மேட்ச் கேட்டுக்கொண்டிருந்தேன், ஹாரன் கேட்டது, மேலே என்று நினைத்தேன், சொல்லவில்லை, உங்கள்மேல் தப்பு இல்லை அண்ணா. முழுதும் சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகவில்லை. ஒன்றரை வருடமாகச் சுமந்தது இவ்வளவு சின்னதா என்று இருந்தது.

ஸ்டெல்லா அக்கா எழுந்து உள்ளே போனார். பிறகு வெளியே வரவில்லை.

"எந்தக் காதுலடா?" என்றார் அண்ணன்.

"எடது காதுலண்ணா."

கையிலிருந்த வர்க்கியைத் தட்டில் வைத்தார்.

"ஆஸ்பத்திரியில படுத்துட்டு நீ எழுதுனதைத்தான் படிச்சேன். பின்னாடி இருந்தவன் நீ. நீயே எழுதியிருக்கயே, அப்ப நீ கொரல் குடுத்தும் எனக்குத்தான் ஒறைக்கலை போல, நாந்தான் பொறவால பாத்திருக்கோணும், நாந்தான் தப்புன்னு முடிவு பண்ணிட்டேன். டாக்டரு ஆறு மாசத்துல ஓட்டலாம்னாரு. நாந்தான் ஓட்டலை. கண்ணும் புத்தியும் கெட்டவனுக்கு எதுக்கு சைக்கிள்னு வித்துப்போட்டேன்."

"அந்தப் பதிவை அழிச்சர்றேண்ணா. இன்னைக்கே."

"அழிக்கக்கூடாது." வகுப்பில் பேசும் குரல் அது. "அழிச்சுட்டாப் படிச்சவங்களுக்கு யாரு போயிச் சொல்றது? நான் மேடையில நின்னு சொன்னனே, அந்தப் புள்ளைங்களுக்கு? அது அங்கயே இருக்கட்டும். நடந்தது என்னன்னு எழுதுங்க." இத்தனை வருடத்தில் அவர் வாயிலிருந்து எனக்கு வந்த முதல் 'ங்க' அது. "பனி எறங்கீருச்சு. பாத்துக் கெளம்புங்க" என்றார் அடுத்து. படிவரை வரவில்லை.

லாட்ஜ் அறை 900 ரூபாய், வெந்நீர் ஒரு வாளிக்கு மேல் கிடையாது. ஏழு மணிக்கே போர்வைக்குள் போய்விட்டேன். பாரம் இறங்கிவிடும் என்று எதிர்பார்த்துப் போனேன். இறங்கவில்லை, அதைக் கொண்டுபோய் அவர் மடியில் வைத்துவிட்டு வந்தது போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை கோத்தகிரி வழியாக இறங்கினேன். மேட்டுப்பாளையம் வரை 62 கிலோமீட்டர், மூன்று மணி நேரம். இறக்கத்தில் பிரேக்கை விடாமல் பிடித்துக்கொண்டே வந்தால் சூடாகிப் பிடிப்புப் போய்விடும். விட்டு விட்டுப் பிடியுங்கள், இரண்டு வளைவுக்கு ஒருமுறை நிறுத்தி ரிம்மைத் தொட்டுப் பாருங்கள். தேயிலைத் தோட்டங்களுக்கு நடுவே நல்ல வெயில் அடித்தது. யாரிடமாவது "பாருங்கண்ணா" என்று சொல்லத் தோன்றும் இடங்கள் நிறைய உண்டு. இரண்டு நாள் செலவு மொத்தம் 1,420 ரூபாய், கண்ணாடியைச் சேர்க்காமல்.

திட்டமிடுகிறவர்களுக்கு: செவ்வாய், புதன் போங்கள். விடுமுறை வாரத்தைத் தவிருங்கள். தனியாகப் போனால் வலப்பக்கக் கண்ணாடி கட்டாயம், அதை நம்பியும் திரும்பாதீர்கள், கழுத்தைத் திருப்பிப் பாருங்கள். இருவராகப் போனால் பின்னால் வருகிறவர் யார் என்பதைக் கிளம்பும் முன்பே பேசிக்கொள்ளுங்கள். அவருடைய போன் பைக்குள் இருக்கட்டும், இரண்டு காதும் வெளியே இருக்கட்டும். சந்தேகமாக இருந்தால் கத்துங்கள். வராத வண்டிக்கு நூறு தடவை கத்தினாலும் யாருக்கும் எலும்பு முறியாது. பழைய பதிவு அதே இடத்தில் இருக்கிறது. "பாவம்" என்ற என் பதிலும் இருக்கிறது. தலைப்புக்கு மேலே, இது பொய், உண்மை இங்கே என்று இந்தப் பதிவின் சுட்டியைக் கொடுத்திருக்கிறேன்.

வெளியிடும் முன் இதை ஆல்பர்ட் அண்ணனுக்கு அனுப்பினேன். இரண்டு நாள் பதில் இல்லை. அந்த வளைவில் அவர் "லேசாக" வலப்பக்கம் வந்தார் என்றுதான் முதலில் எழுதியிருந்தேன், அவருக்கு அனுசரணையாக இருக்கட்டுமே என்று. மூன்றாம் நாள் காலை ஒரே ஒரு வரி வந்தது: "லேசாக இல்லை, மூன்று அடி. சரியாக எழுதவும்." மாற்றிவிட்டேன்.